நிறுத்த மீனை மாற்றாதீர்கள்

கடந்த ஆகஸ்டில் பத்து நாள் விடுமுறையில் கோலாலம்பூர் போயிருந்தேன். சுற்றிப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அங்கே ஆய்வு செய்யும் தோழி கவிதாவுக்கு ஒருநாள் துணைக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு வீட்டில் யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளப்பது அவள் வேலை. மதுரையில் எனக்கும் அதே பிழைப்பு. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? கிளம்பிவிட்டேன். இரட்டைக் கோபுரம், பத்து மலை எல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இன்னமும் உறுத்துவது அந்த ஒருநாள்தான்.

சனிக்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸில் தோசையும் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயும் ஆளுக்கு ஏழு ரிங்கிட். அங்கிருந்து சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்தே போகலாம். போர்ட் கிள்ளானுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். பெட்டியில் ஏசி குளிர் எலும்பைத் தொடும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து வாடகைக் காருக்குப் பன்னிரண்டு ரிங்கிட். மடியிலிருந்த தராசைப் பார்த்து ஓட்டுநர் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“சாப்பாட்ட நிறுக்கவா? நம்ம ஆளுங்களுக்கு இது பத்தாதுலா அக்கா. போர்ட்ல லோரி நிறுக்கற மேடை இருக்கு, அதக் கேளுங்க” என்றார். சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

அடுக்குமாடியில் மூன்றாவது தளம். சாந்தி அக்கா, கன்டெய்னர் லோரி ஓட்டும் அவர் கணவர் மாரியண்ணன், பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். எங்கள் முறை எளிது. பரிமாறியதும் ஒவ்வொருவர் தட்டையும் நிறுப்போம். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை நிறுப்போம். ஒருவர் எடையை உரக்கச் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்வார். சொல்வது என் பொறுப்பு.

சாந்தி அக்கா சோறும் குழம்பும் கெம்போங் மீன் வறுவலும் வைத்தார். எங்கள் ஊர் அயிலைதான் அது. அண்ணனுக்கு இரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று. கடைசியாக அக்காவின் தட்டு தராசுக்கு வந்தது.

“சோறு, குழம்பு. மீன் இல்லை” என்றேன். பழக்க தோஷத்தில் இன்னொரு முறையும் சொன்னேன். “மீன் இல்லை.”

“எனக்கு மீன் அவ்வளவா புடிக்காது மிஸ்” என்றார் அக்கா.

“பொய். அம்மாவுக்கு மீனுன்னா உயிரு” என்றாள் சின்னவள்.

மாரியண்ணன் மனைவியின் தட்டைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அன்றுதான் பார்த்தார் என்று தோன்றியது. தன் மீனில் ஒன்றை எடுத்து அவர் தட்டுப் பக்கம் நீட்டினார்.

நான் சொன்னேன்: “அண்ணே, நிறுத்தாச்சு. இப்ப மாத்தாதீங்க.”

அவர் கை அப்படியே நின்றது. மீன் திரும்ப அவர் தட்டுக்கே போனது. கவிதா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அதற்குள் எல்லோரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அண்ணன் அந்த மீனைத் தொடாமல் எழுந்துவிட்டார். அதையும் மிச்சமென்று நிறுத்தேன்.

கிளம்பும்போது சாந்தி அக்கா வாசல்வரை வந்தார். “மிஸ், நானும் ஒரு மீன் சாப்ட்டேன்னு எழுதிக்கிறீங்களா? அவரு கவனிக்காத ஆளில்ல. நான்தான் தெனமும் உள்ள நின்னே சாப்ட்டுருவேன், அவருக்குத் தெரியாது. புள்ளைங்க முன்னால அவருக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.”

“அப்படி எழுத முடியாதுக்கா” என்றேன். அது உண்மைதான். திரும்பும் ரயிலில் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த வீட்டில் அக்கா மறைத்து வைத்திருந்ததைக் கூடத்தில் போட்டு உடைத்தேன். அதைச் சரிசெய்ய நீண்ட கையையும் தடுத்தேன். கணக்கு மட்டும் பிசகவில்லை.

இந்த வேலையாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரயில் போய்விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரமாவது ஆகும், முன்னதாகப் போங்கள். எடையை உரக்கப் படிக்காதீர்கள், எழுதுபவரிடம் காட்டினால் போதும். யாராவது தன் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் விட்டுவிடுங்கள். இரண்டு தட்டையும் மறுபடி நிறுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.