மூன்றாவது தட்டு

நம்பாதவர்களுக்கு என் ஷிஃப்ட் நோட்டைக் காட்டுகிறேன். நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். போன காணும் பொங்கல் அன்று, வெயில் அடிக்கும்போதே நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

என் பெயர் யுவஸ்ரீ. சரவணம்பட்டி தாண்டி ஒரு வில்லா குடியிருப்பில் வேக்குவம் ஸ்டேஷன் ஆபரேட்டர். அங்கே சாக்கடை சரிவில் ஓடாது. எங்கள் பம்பு குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுத்தபடியே இருக்கும். வீட்டு வாசல் குழியில் கழிவு நிறைந்ததும் வால்வு திறக்கும். ஸ்ட்ராவில் இளநீர் ஏறுவதுபோல அது எங்கள் இரும்பு டேங்குக்கு வந்துவிடும். அங்கிருந்து இன்னொரு பம்பு சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். மனுஷன் இறங்கவே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சொல்வதற்கென்ன?

அன்று மாலை 3.50. டேங்க் காலியாக இருந்தும், நிறைந்துவிட்டதாக அலாரம் அடித்தது. பம்புகள் நின்றுவிட்டன. உள்ளே மட்டம் பார்க்கும் கம்பியில் துணி சுற்றியிருக்க வேண்டும். மேனேஜர் போனில் காய்ச்சி எடுத்தார். என்னோடு ஷிஃப்டில் இருந்தவன் டெக்னீஷியன் பிரவின்குமார். வயது இருபத்து நான்கு, மாசியில் கல்யாணம். சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

"ரெண்டே நிமிசங்க்கா. எறங்கித் துணிய எடுத்துப்போட்டு வந்தர்றேன்."

"வேண்டாம் தம்பி. நாளைக்குக் கழிவு உறிஞ்சும் லாரி வரட்டும்."

"அதுவரைக்கும் அந்தாளு திட்டறத யாருங்க கேக்கறது?"

நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திட்டு வாங்க எனக்கும் பயம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேனலும் தண்ணீர் மோட்டாரும் இருப்பது மேல் அறையில், டேங்க் இருப்பது கீழ் அறையில். குரல் எட்டாது. அதனால் உள்ளே இறங்கியவர் ஸ்பேனரால் டேங்கைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால், உள்ளே இருக்கிறேன். மூன்று தட்டு என்றால், ஏறிவிட்டேன், கழுவத் தண்ணீர் விடு. உடனே நான் மோட்டாரைப் போடுவேன். சில நிமிடங்களில் டேங்க் நிறைந்துவிடும்.

4.20. பிரவின் ஏணி எடுக்க ஷெட்டுக்குப் போனான். நான் பேனல் முன்னால் உட்கார்ந்தேன்.

4.26. டொக்... டொக்.

ஏணி இல்லாமலே குதித்துவிட்டானா? எரிச்சலாக வந்தது.

4.27. டொக்... டொக்.

4.28. டொக்......... டொக். மெதுவாக. கை ஓய்ந்தவர் தட்டுவதுபோல.

4.29. சத்தமே இல்லை.

விழுந்தடித்துக் கீழே ஓடினேன்.

டேங்க் மூடி மூடியிருந்தது.

எட்டு போல்ட்டும் முறுக்கியது முறுக்கியபடி.

டொக்... டொக்.

மூடிக்கு நேர் கீழே.

"ஏனுங்க்கா..." வாசலில் பிரவின். தோளில் ஏணி. "உள்ள யாருங்க?"

அவனுக்கும் கேட்டிருக்கிறது.

டொக்.

டொக்.

...

டொக்.

மூன்று.

மேலே, யாருமில்லாத அறையில், மோட்டார் ஓடத் தொடங்கியது.

டேங்குக்குள் தண்ணீர் கொட்டியது.

உள்ளே ஏதோ சுரண்டியது. கீழிருந்து... மேலே.

ஓடினோம். கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில்தான் போய் நின்றோம். பிரவின் சட்டையில்லாமலே ஓடி வந்திருந்தான். நான் அவன் கையை விடவே இல்லை.

மறுநாள் லாரியோடு அப்துல் கையூம் வந்தார். இருபது வருஷமாக டேங்க் வேலை பார்ப்பவர். மூடியைத் திறந்து, விஷவாயு காட்டும் காஸ் மீட்டரைக் கயிற்றில் இறக்கினார். அது அலறியது. அவர் பிரவினை மேலும் கீழும் பார்த்தார்.

"எறங்கியிருந்தா ரெண்டு மூச்சுதானுங்க அம்மணி."

பிறகு லாரியால் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, ஒரு கம்பியில் கேமராவைக் கட்டி உள்ளே விட்டார். உட்சுவரில், பெயின்ட்டுக்கு அடியில், ஸ்பேனர் பட்ட சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. இரண்டிரண்டாக. அடுத்த ஜோடி ஒரு சாண் மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. கடைசி ஜோடி மூடிக்குப் பக்கத்தில்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அது பழைய டேங்க். ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையிலிருந்து அதை லாரியில் ஏற்றியவரே அவர்தான். பெயின்ட் அடித்ததால் அடையாளம் தெரியவில்லை. அங்கே சின்னான் என்பவர் உள்ளே இருக்கும்போதே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மூன்று தட்டு கேட்ட பிறகுதான் திறந்தேன் என்று அங்கிருந்த ஆபரேட்டர் இன்றும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறாராம்.

நாங்கள் கேமராவைச் சுற்றிச் சுற்றி விட்டுப் பார்த்தோம். மொத்தம் பதினொரு ஜோடி.

எங்கேயும் மூன்றாவது பள்ளம் இல்லை.