திறக்காத வீடியோவில் அம்சவல்லி

உங்கள் வயலில் நாற்று நடுகிறவர், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், உங்கள் தெருவைக் கூட்டுகிறவர், இவர்களில் ஒருவருடைய முகமாவது தனியாக, நேராக, உங்கள் போனில் இருக்கிறதா? கல்யாணப் படத்தின் ஓரத்தில் தெரிகிற தோள் கணக்கில் வராது. முதுகும் வராது.

இந்தக் கேள்வியை நான் மேகலாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திருவிடைமருதூரில் ஒரு சந்துக்குள் பேனர் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு குடும்பம் தன்னைத் தெருவில் காட்டிக்கொள்கிற எல்லாமே அவருடைய கணினித் திரை வழியாகத்தான் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கும்பகோணத்தில் மீரா உசேன் என்பவரின் ஸ்டூடியோவில் சேர்ந்து கல்யாண ஆல்பம் ஒட்டப் பழகியவர். சொந்தக் கடைக்கு இடம் தேடி அலைந்தபோது முதலில் கேட்கப்பட்டது ஊர், அடுத்து கேட்கப்பட்டது தெரு. தெருப் பெயரைச் சொன்னதும் காலியாக இருந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. கடைசியில் ஒரு தையல்காரர் தன் கடையில் பாதியைப் பலகை வைத்துத் தடுத்துக் கொடுத்தார். இன்றும் மேகலாவின் விசைப்பலகைச் சத்தத்தைத் தையல் மிஷின் சத்தம் அமுக்கிவிடும்.

அவருடைய கணினியில் 'உடம்பு' என்று ஒரு போல்டர் உண்டு. உள்ளே எல்லோரும் தலையில்லாதவர்கள். பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், வெள்ளைச் சட்டை போட்ட ஆண்கள், கோட்டு மாட்டிய குழந்தைகள். வாடிக்கையாளர் கொண்டுவரும் முகத்தை வெட்டி அவற்றின் மேல் வைக்க வேண்டும். அப்புறம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் வெளுப்பாக்கிடுங்க."

"அப்படிச் சொல்லாம போன ஒரு ஆளக் காட்டுங்க, அவங்களுக்கு ப்ரீயா போட்டுத் தரேன்" என்பார் மேகலா. இதுவரை யாருக்கும் ப்ரீயாகப் போட்டதில்லை.

எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க நான் போயிருந்த அன்று காலை, சுடர்விழி என்ற பெண் தன் தாய்மாமன் கண்ணுசாமியோடு உள்ளே வந்தார். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவருடைய அம்மா அம்சவல்லி நெஞ்சுவலியில் இறந்துபோய், மறுநாள் கருமாதி. தெருமுனையில் வைக்க ஒரு பேனர் வேண்டும்.

"போட்டோ குடுங்கம்மா" என்றார் மேகலா.

"அதுதாங்க்கா இல்ல."

ஆதார் அட்டை இருந்தது. அதில் நகத்தளவு ஒரு கறுப்பு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. "செத்த பெறகு எடுத்த மாதிரி இருக்கு" என்றார் சுடர்விழி. சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"உங்க போன்ல கூடவா ஒண்ணும் இல்ல?"

"தெனமும் வீடியோ கால்ல பேசுவோம். பேசிட்டு வச்சிருவோம். அது எதுல சேவ் ஆவுது? லீவுக்கு வந்தா எடுக்கலாம்னு போவேன். சேறும் சகதியுமா இருக்கேன், குளிச்சிட்டு வரேன் இருடிம்பாங்க. குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இருட்டிரும்."

"நூறு நாள் வேலையில காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு நிக்கவச்சு எடுத்தாங்களே" என்றார் கண்ணுசாமி. எடுத்தார்கள், உண்மைதான். வேலைக்கு வந்தாரா என்று சரிபார்க்க அம்சவல்லியின் முகம் வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் ஒன்றை வீட்டுக்குக் கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பது வருஷம் வாழ்ந்து, அதில் முக்கால்வாசி ஊருக்கே நெல் நட்ட ஒரு பெண்ணின் முகம் அவர் மகளிடம் இல்லை. இதை விதி என்று சொல்லித் தேற்ற வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இது விதியில்லை, பழக்கம். யாரை எடுக்க வேண்டும், யாரை எடுக்கத் தேவையில்லை என்று நம் கைக்கு நாம் பழக்கிவைத்திருப்பது.

ஒரு வீடியோ இருந்தது. ஆனி மாதக் குறுவை நடவின்போது, நிலத்துக்காரர் மகன் சதீஷ் சிங்கப்பூரிலிருந்து வந்து எடுத்தது. வரிசையாகக் குனிந்த பெண்கள், தெறிக்கிற தண்ணீர், மேலே புல்லாங்குழல் இசை, 'எங்கள் மண்' என்ற எழுத்து. இணையத்தில் பார்த்தவர்கள் இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். வரிசையில் வலமிருந்து மூன்றாவது முதுகு அம்சவல்லி.

சுடர்விழி சதீஷுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஒலிபெருக்கியில் பேச்சு எல்லோருக்கும் கேட்டது.

"அய்யய்யோ, ரொம்ப வருத்தமா இருக்கு. அதுல முகம் தெரியற மாதிரி ஒரு எடம் இருக்குங்க. நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறேன்."

சொன்னபடியே அனுப்பினார். தெளிவான படம். மேகலா பெரிதாக்கிப் பார்த்து "சூப்பர்" என்றார். கண்ணுசாமி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நம்ம காத்தாயில்ல?"

"ஆமா மாமா, இது காத்தாயி அத்தை" என்றார் சுடர்விழி.

"காலைல டீக்கடையில என்கிட்ட வெத்தலை வாங்கிட்டுப் போனா. நல்லா இருக்கிறவள அந்தத் தம்பி சாவடிச்சிருச்சே!"

கண்ணுசாமி சிரித்துவிட்டார். சுடர்விழி சிரிக்கவில்லை. மறுபடி போன் போட்டார்.

"அது வேற ஆளுங்க."

"அப்படியா? சாரிங்க. எனக்கு… அவ்வளவா அடையாளம் தெரியாதுங்க."

சதீஷ் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் நட்டுக்கொண்டிருந்தவர் அம்சவல்லி. அந்த நெல்லைத் தின்றுதான் இவர் படித்து சிங்கப்பூர் போனார். சதீஷ் கெட்டவர் இல்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எனக்கு எரிந்ததே அதனால்தான்.

வேறு வழியில்லை, வீடியோவை மேகலா தன் மென்பொருளுக்குள் இறக்கி, ஒவ்வொரு நொடியையும் தனித்தனிப் படமாகப் பிரித்து, மகளே பார்த்து எடுக்க வேண்டும். புல்லாங்குழல் வைத்த அதே வீடியோவை சதீஷ் வாட்ஸப்பில் அனுப்பினார். எந்தத் தடங்கலும் இல்லாமல் உள்ளே வந்தது. ஆனால் வாட்ஸப் அதை நசுக்கியிருந்தது. அம்சவல்லி லேசாகத் தலைதூக்குகிற இடத்தில் முகம் இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு பழுப்புக் கறைதான் இருந்தது. முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு செயலியில் மேகலா அதைப் போட்டார். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, சிவந்த நிறமும் வரிசைப் பல்லுமாக ஒரு சினிமா அம்மாவைத் தந்தது.

"யாருக்கா இது?" என்றார் சுடர்விழி.

"மெஷினுக்கும் வெளுப்பாக்கத்தான் தெரியுது, பாத்தியா" என்று மேகலா அழித்தார்.

வெட்டி ஒட்டாத அசலையே டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னார்கள். பெரிய கோப்பு. அது இறங்குவதற்குள் தையல்காரர் ஒரு ரவிக்கையை முடித்துவிட்டார். சுடர்விழியின் போனில் அது சத்தமில்லாமல் திக்கித் திக்கி ஓடி, பச்சைக் கட்டங்களாகச் சிதறியது. கணினியில் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் ஒரு பெட்டி வந்தது: இந்த வகைக் கோப்பை அடையாளம் தெரியவில்லை. கணினியாவது உடனே ஒப்புக்கொண்டது.

மேகலா கோப்பின் பெயர் வாலை மாற்றிப் பார்த்தார். அதே பெட்டி. மூடித் திறந்தார். கணினியை அணைத்துப் போட்டார். அதே பெட்டி. கண்ணுசாமி, "ராகு காலம் ஓடுதும்மா, அது முடிஞ்சதும் போட்டுப் பாரு" என்றார்.

"அய்யா, இது புது போன்ல எடுத்த வீடியோ. என் மென்பொருள் பழசு, படிக்கத் தெரியல. ராகு வந்து என்னா பண்ணும்?"

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம். இணையத்தில் தேடினார். ஒருவர் இதை நிறுவு என்றார், இன்னொருவர் அதை நீக்கு என்றார், எல்லோரும் ஆங்கிலத்தில். நிறுவியதில் ஒன்று மென்பொருளையே திறக்கவிடாமல் செய்தது. அதை நீக்கினார். இலவச மாற்றி ஒன்றைப் பிடித்து வீடியோவைப் பழைய வகைக்கு மாற்றினார். மாறியது, சத்தம் மட்டும் போய்விட்டது. நடுத்திரையில் அந்த நிறுவனத்தின் பெயர் குறுக்கே ஓடியது, அம்சவல்லியின் வரிசைக்கு நேர் மேலே.

"தூ" என்றார் மேகலா.

அப்போது கரண்ட் போனது. வந்த பிறகு, கோப்பு கெட்டுவிட்டதோ என்ற பயத்தில் அவர் அசலைக் கணினியின் சாதாரண ப்ளேயரில் தட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. ஆனால் சத்தம் வந்தது. புல்லாங்குழல் இல்லை. தண்ணீர்ச் சத்தம், பெண்களின் பேச்சு, பிறகு ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே:

"தம்பி… தம்பி! நடக் கட்டி வச்ச நாத்து முடி மேல நிக்கிறீங்க பாருங்க. அத மிதிச்சிக்கிட்டு எங்கள என்னா படம் புடிக்கிறீங்க?"

எல்லாப் பெண்களும் சிரிக்கிற சத்தம்.

பலகைக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. சுடர்விழி கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ போடுங்கக்கா" என்றார். மேகலா போட்டார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் போட்டார். நடவு வயலில் ஒரு பெண் அதிகாரத்தோடு பேசிய ஒரே வாக்கியத்தை வெட்டிவிட்டு அதன் மேல் புல்லாங்குழல் வைத்திருந்தது அந்த வீடியோ. மண்ணைப் பாடுகிறவர்களுக்கு அந்த மண்ணில் நிற்கிறவரின் திட்டு இசையாகக் கேட்பதில்லை போலும்.

"திட்டும்போது அவரப் பாத்துதான திட்டியிருப்பாங்க?" என்றார் மேகலா திடீரென்று. "அப்ப முகம் அங்கதான் இருக்கு."

எங்கே என்று தெரிந்துவிட்டது. எப்படித் திறப்பது என்றுதான் தெரியவில்லை. கௌரவம் பார்த்துத் தள்ளிப்போட்டிருந்த போனைக் கடைசியில் போட்டார். பழைய முதலாளி மீரா உசேனுக்கு.

"பாய், ஒரு வீடியோ உள்ள வர மாட்டேங்குது."

"கடை தொறந்து இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் பாய் ஞாபகம் வந்தாராக்கும்? ஸ்லோமோஷனா? புது போனா? என் கடையிலயும் இதே ரோதனைதான் தங்கச்சி. கூம்பு படம் போட்ட இலவச ப்ளேயர் இருக்கு பாரு, அதுலயே மாத்துற வசதி இருக்கு. பேரு கீரு எதுவும் மேல ஓடாது. மாத்திட்டு முழுசா இழுக்காத, ஐநூறு படத்துக்கு மேல உன் மென்பொருள் தாங்காது. வேண்டிய துண்ட மட்டும் எடு."

வேண்டிய துண்டு எதுவென்று குரல்தான் சொல்லியிருந்ததே. மாற்றினார். "தம்பி" என்று தொடங்குகிற இடத்திலிருந்து சிரிப்பு வரைக்கும் குறித்தார். இறக்கு என்று தட்டினார். பெட்டி வரவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்கள் அடுக்கடுக்காக வந்து விழுந்தன. நொடிக்கு அத்தனை படம் எடுத்திருந்ததால், அம்சவல்லி மிக மெதுவாக, கடுகளவு கடுகளவாக நிமிர்ந்தார். முதுகு, தலைத்துணி, காது, பிறகு முகம். கன்னத்தில் சேறு. புருவம் நெரிந்து, வாய் திறந்து, கண் நேராகக் கேமராவில்.

"இதுதான்" என்றார் சுடர்விழி. அப்போதுதான் அழுதார்.

கண்ணுசாமிக்கு அது பிடிக்கவில்லை. "வாயத் தொறந்து கத்துற மாதிரி இருக்கு. செத்தவங்கள இப்படியா போடுறது? நல்லதா ஒரு பட்டுப்புடவை உடம்பு வச்சு, வாய மூடி, சேத்தத் தொடச்சு, கொஞ்சம் வெளுப்பா…"

"மாமா" என்றார் சுடர்விழி. "அம்மா என்னிக்காவது வாய மூடிக்கிட்டு இருந்து பாத்திருக்கீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

மேகலா 'உடம்பு' போல்டரைத் திறக்கவில்லை. சேற்றைத் துடைக்கவில்லை. நிறத்தை மாற்றுகிற இடத்துக்கு அவருடைய கை பழக்கத்தில் போய், திரும்பி வந்தது. கோப்பு அச்சடிக்கக் கும்பகோணத்துக்குப் போனது. பேனர் மாலை பஸ்ஸில் சுருட்டி வந்தது.

மறுநாள் தெருமுனையில் அம்சவல்லி எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். காத்தாயி வெகுநேரம் அதன் முன் நின்றார். பிறகு சுடர்விழியிடம் வந்து, "எனக்கு ஒண்ணு எடுத்து வைடி, இப்பவே" என்றார். சதீஷுக்கும் படம் போயிருந்தது. பதில் வந்தது: "ஓ, நாத்து முடிக்குத் திட்டினாங்களே, அவங்களா! அந்த வாய்ஸைக் கட் பண்ணிட்டேன், நல்லா இல்லைன்னு."

அந்தப் பதிலை மேகலா எனக்குக் காட்டியபோது, "இதுக்கு என்ன எழுதறது?" என்று கேட்டார். அவர் எதுவும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். சதீஷுக்கு அல்ல, உங்களுக்கு.

ஒரு முகம் கிடைக்க ஒரு பகல் முழுக்கப் போராட வேண்டியிருந்தது மென்பொருள் கோளாறால் அல்ல. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, "அம்சவல்லி, இங்க பாருங்க" என்று சொல்லியிருந்தால் போதும். இன்றைக்கு உங்களிடம் வேலை செய்கிறவரைக் குனிந்த இடத்திலிருந்து நிமிரச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டே கேளுங்கள். வீடியோ வேண்டாம், இசை வேண்டாம், வெளுப்பாக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே நேராக ஒரு படம் எடுத்து, அவருடைய வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். எடுக்கும்போது உங்கள் கால் எதன்மேல் நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.