ஆவணி பிறக்கட்டும், அக்கா

தேக்கா சந்தைக்கு எதிரே இருந்த எங்கள் அலுவலகத்தில், ஒரு ஜூலைத் தொடக்கத்து மத்தியானம், தலைமை எழுத்தராக இருந்த அக்கா என் மேசைமேல் ஒரு பழுப்பு உறையை வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமல் நின்றார். நாற்பத்தொன்பது வயதில் அவர் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன். உள்ளே திருமணப் பதிவகத்தின் காகிதம்: இவருக்கு இங்கே கல்யாணம் ஆனதாகப் பதிவு எதுவும் இல்லை. மாப்பிள்ளை, பாரிசில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர், மனைவியை இழந்தவர், உறவினர் கல்யாணத்துக்குச் சிங்கப்பூர் வந்த இடத்தில் பந்தியில் அக்காவிடம் மோர் கேட்டிருக்கிறார். அதிலிருந்து ஓராண்டாகத் தொலைபேசி.

"இன்னும் ரெண்டு வேலைதான் லா, தம்பி. ஓத் கமிஷனர் முன்னாடி சத்தியம் பண்ணணும், எல்லாத்தையும் பிரெஞ்சுல மாத்தணும். உங்க கூட்டாளி ஒருத்தர் கமிஷனர்தானே? இந்தப் பேப்பர் மூணு மாசம்தான் செல்லுமாம். அவரோட மகளும் இப்பதான் அரை மனசா சரின்னு சொல்லியிருக்கு."

அந்த நிறுவனத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். எழுதியது அக்கா, பெயர் மட்டும் என்னுடையது. இரண்டு மாதத்தில் மேலாளர் பதவிக்கு நேர்காணல். அக்கா பாரிசுக்குப் போனால் என் ஆங்கிலமும் அதே விமானத்தில் ஏறிவிடும். அக்காவைத் தடுக்கும் எண்ணமெல்லாம் இல்லை, கொஞ்சம் நிறுத்தி வைத்தால் போதும் என்று என்னை நானே மன்னித்துக்கொண்டேன்.

"ஆடி பொறக்கப்போகுதேக்கா. ஆடியில போயா கல்யாணப் பேப்பர்ல கையெழுத்துப் போடுவீங்க? ஆவணி பொறக்கட்டும்."

முந்திய ஆண்டுதான், சமூக மன்றத்துப் பட்டிமன்றத்தில், ஆடிக்குப் பயப்படுகிறவர்கள் ஆடித் தள்ளுபடிக்கு மட்டும் ஏன் பயப்படுவதில்லை என்று முழங்கிக் கைதட்டு வாங்கியிருந்தேன். முதல் வரிசையில் அக்காவும் சிரித்தார். சிரித்தாலும் ஆடியை நம்புகிறவர். அது எனக்குத் தெரியும்.

"நீங்களா ஆடி பாக்குறீங்க?"

"உங்களுக்காகத்தான், அக்கா."

ஆவணி வந்தது. ஆணையராக இருந்த நண்பன் ஊரில் இல்லை என்றேன்; இருந்தான். மொழிபெயர்ப்பவருக்கு நேரமில்லை என்றேன். அவரை நான் கேட்கவே இல்லை. பதவி உறுதியான வாரம் அக்காவை ஆணையரிடம் கூட்டிப்போனேன். தாம் எவரையும் மணந்ததில்லை என்று அவர் சத்தியம் செய்தபோது குரலில் பிசிறில்லை. காகிதங்கள் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதிவகத்தின் காகிதம் காலாவதியாகியிருந்தது. புதிதாக ஒன்று வாங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் அதற்குள் அவருடைய மகளுக்கு அரை மனது கால் மனதாகி, "வர விருப்பமில்லாதவரை ஏன்ப்பா இழுக்குறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவருக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். பாரிசுக்காரரின் கடைசிக் கடிதத்தைக் காட்டவில்லை. மறுநாளும் எனக்கு இரண்டு ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, போன மாதம், என் மகளுக்கு ஜெர்மனியில் கல்யாணம் என்று முடிவானது. காகிதங்களின் பட்டியலைப் பார்த்து நான் விழித்தேன். பொங்கோலில் தனியாக இருக்கும் அக்காவை மகளே அழைத்தாள். எது எத்தனை நாள் செல்லும், எதை முதலில் வாங்க வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். பதினோரு நாளில் எல்லாம் தயார். மொத்தமே பதினோரு நாள் வேலை.

கடைசி நாள், மகள் ஆணையர் அறைக்குள் போயிருந்தாள். வெளியே பெஞ்சில் அக்காவும் நானும்.

"அக்கா, அன்னிக்கு உங்க பேப்பரை நான்..."

"வேணாம், தம்பி."

"இல்லக்கா, வேணும்னேதான்..."

"தெரியும் லா. இப்ப சொன்னா உங்களுக்கு லேசாயிடும். எனக்கு என்ன ஆகும்?"

 

மகள் வெளியே வந்து காகிதத்தை அக்காவிடம் நீட்டினாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேதியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"சரியா இருக்கு. இன்னிக்கே அனுப்பிடும்மா. நீயே போய் அனுப்பு. அப்பா கையில குடுக்காத."