நான் கூட்டிச் சொன்ன மழை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாகத் தயங்கினேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி என்பது ஒரு காரணம். வெட்கம்தான் பெரிய காரணம்.

அது ஒரு புரட்டாசி மாதம். சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில், வானம் பார்த்த கரிசல் பூமி எங்களுடையது. முதல் மழை விழுந்ததும் நெல்லை விதைத்துவிடுவோம். அடுத்த மழை வராமல் முளை கருகிவிடும். வருடா வருடம் இப்படியே ஆனதால், பன்னிரண்டு குடும்பங்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டோம். வெட்டவெளியில் ஒரு தகர டப்பா வைத்து, விழுந்த மழையைத் தினமும் காலையில் அளந்து கொட்டிவிட வேண்டும். ஒரே நாளில் நாலு விரல் தண்ணீர் நின்றால்தான் விதைப்பு. அளக்கும் பொறுப்பு எனக்கு.

மகாளய அமாவாசைக்கு மாமனாருக்குத் திதி கொடுக்க இராமேஸ்வரம் போனோம். கிளம்புவதற்கு முந்தின இரவு பெய்த மழையை அவசரத்தில் கொட்ட மறந்தேன். வேறு யாரிடமும் பொறுப்பை ஒப்படைக்கவும் இல்லை. நான்கு நாள் கழித்து விடிகாலையில் திரும்பினால் தரையெல்லாம் ஈரம், இரவு மழையாம். டப்பாவில் சரியாக நாலு விரல். இராமநாதசாமி கண் திறந்துவிட்டார் என்று கைகூப்பினேன். அந்தச் சந்தோஷத்திலேயே செல்போன் குழுவில், "நாலு விரல் இருக்கு, விதைக்கலாம்" என்று பேசி அனுப்பிவிட்டேன்.

பிறகு கொட்டுவதற்காக டப்பாவைச் சாய்த்தேன். உள்ளே கொசுப்புழு நெளிந்தது. நேற்றைய மழையில் இன்றைக்கு ஏது புழு? பாதித் தண்ணீர் பழைய மழையுடையது.

போன் போட்டேன்; டிராக்டர் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. சிவசிவா என்று ஓடினேன்.

முதல் புஞ்சை, கணவரை இழந்த ஒருத்தியுடையது. எனக்கு நாத்தனார் முறை. இருப்பதே ஒரு ஏக்கர், வீட்டில் வேறு விதை கிடையாது.

"விதைக்காத தாயி, நான் சொன்னது தப்பு!" என்று கத்தினேன்.

டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏத்தா, ராமேஸ்வரம் போயி புத்தியையும் கடல்ல கரைச்சிட்டு வந்துட்டியாக்கும்?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து மண்ணைக் கிளறினாள். மேலே ஈரம், உள்ளே புழுதி. அதற்குள் பாதிக்கு மேல் விதைத்திருந்தாள். விதைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மற்றவர்களைத் தடுக்க என்னோடு ஓடிவந்தாள். அவர்கள் எல்லாரையும் நிறுத்திவிட்டோம்.

மூன்று வாரம் மழை இல்லை. அவள் முளை கண்முன்னே கருகியது. பிறகு நல்ல மழை வந்தபோது, ஆளுக்குக் கொஞ்சம் விதை போட்டு அவள் நிலத்தையும் விதைத்தோம். பன்னிரண்டு குடும்பமும் கூடின கூட்டத்தில் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா நாங்க வானத்தத்தான் ஏசியிருப்போம் மதினி. அடுத்த வருசமும் இதே மாதிரி ஏமாந்திருப்போம்" என்றாள் அவள்.

இப்போது இரண்டு வீட்டார் சேர்ந்து அளந்து, மண்ணையும் தோண்டிப் பார்த்த பிறகே சொல்கிறோம்.

படித்தவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நான் ஊரைக் காப்பாற்றியதாக அழகுபடுத்த வேண்டாம். அவள் விதை கருகியதையும் சேர்த்து நடந்தபடியே சொல்லுங்கள். சாமி கொடுத்ததைக் கொடுத்த அளவுக்கே சொல்வதும் பக்திதான் என்று அவள் வயலில் நான் நின்ற அன்றுதான் எனக்கு உறைத்தது.