கேஸ்கெட் மாற்றிய நாளில் என் தூது

அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் இருந்த காலத்தில் வீட்டிலேயே முக்கியமான ஆள் நான்தான். என் தம்பியின் காதுகுத்து விருந்துக்காகச் சித்தப்பா அய்யலூர்ச் சந்தையில் பிடித்து வந்த கிடாயின் கறி வேகவே இல்லை என்று, பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி அப்பா சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஆனால் இருவருக்கும் கிணறு ஒன்று, தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினும் ஒன்று. அதனால் அண்ணன் தம்பி சேதியெல்லாம் இரண்டாம் வகுப்புப் படித்த என் வாய் வழியாகத்தான் போய்வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கோடையில் இன்ஜின் வெள்ளைப் புகை கக்கி நின்றுபோனது. திறந்து பார்த்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. இன்ஜினின் மூடியான ஹெட்டுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது. இரண்டு வீட்டுக் கத்தரியும் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இன்னும் ஒரு நாள் காய்ந்தால் பிடுங்கிப் போட வேண்டியதுதான். அப்பா திண்டுக்கல் போய்ப் புதுக் கேஸ்கெட் வாங்கிவந்தார். யாரும் கூப்பிடாமலே சித்தப்பா ஸ்பேனர்களோடு வந்துவிட்டார். இன்ஜினுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் நான்.

"ஏத்தா, ஒஞ் சித்தப்பன மொதல்ல தண்ணிய வடிக்கச் சொல்லு."

"அதெல்லாம் வடிச்சாச்சுன்னு ஒங்கப்பாட்ட சொல்லு."

கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். இருந்தாலும் நான் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்ன பிறகே வேலை நகரும். டீசல் குழாயையும் சைலன்சரையும் கழற்றி, நட்டுகளைத் தளர்த்தி, ஹெட்டைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை அப்பா பிளேடால் சுரண்டினார். சித்தப்பா புதியதைப் பதித்தார். இனி அந்தக் கனத்த ஹெட்டை இருவரும் சேர்ந்து தூக்கி, கோணாமல் இறக்க வேண்டும். கோணினால் புதுக் கேஸ்கெட் நசுங்கிவிடும். மறுபடி திண்டுக்கல் போய் வருவதற்குள் கத்தரி அம்போதான்.

தூக்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, தென்னை நிழலில் சித்தியோடு நின்ற அம்மா, "ஏ புள்ள, இங்க வா, தலைய வாரிவிடுறேன்" என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

ஹெட்டை அந்தரத்தில் பிடித்தபடி இருவரும் என்னையே பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். சித்தப்பா பக்கம் ஹெட் மெல்லச் சரிந்தது. நான் திமிறினேன், அம்மா பிடியை விடவில்லை.

"ஏலே, ஒம் பக்கம் தாழுது, செத்த தூக்குடா!"

"தூக்கிட்டேண்ணே, நீ மெதுவா எறக்கு!"

ஹெட் நேராகப் போய் உட்கார்ந்தது. எதிரெதிர் மூலையாக நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினார்கள். அந்தக் கிடாய் உண்மையிலேயே கிழடுதான் என்று சித்தப்பா ஒத்துக்கொள்ள, அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்ஜின் ஓடியது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது. என்னை யாரும் தேடவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

கோபமெல்லாம் அம்மா மேல்தான். காலையில்தான் அவளே வாரிப் பின்னிய தலை அது. அதை அவிழ்த்துப் பின்னினாள். பின்னியதை மறுபடி அவிழ்த்தாள். சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ரிப்பனை நீட்டினாள். மற்ற நாளில் எண்ணெய் தடவக்கூட நேரமில்லாத அம்மாவுக்கு, அன்றைக்கு மட்டும் என் சடை மேல் ஏன் அவ்வளவு அக்கறை என்று எனக்கு விளங்கவே இல்லை.