தசரா பஸ்ஸும் புரட்டாசி மீனும்

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்து மீன்பிடிக்கும் சுற்றுலா விற்பது என்ன பிழைப்பு என்று, என்னைப் போல் கவுண்டருக்குப் பின்னால் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவர்களுக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில், சிக்கந்தராபாத்தில் ஒரு சுற்றுலா அலுவலகம். கோதாவரி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் முதலாளிக்கு ஒரு விடுதி இருந்தது. காலையில் படகேறிக் கடல்மீன். மாலையில் வாய்க்கால் கரையில் தூண்டில் போட்டு ஆற்றுமீன். தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்துத் தருவது என் வேலை.

கடலா, வாய்க்காலா

பொதுத்துறை அதிகாரி ஒருவர், பயணச் சலுகையில் போகிறவர், வெகுநேரம் யோசித்தார். கடல் நம் கையில் இல்லை, சில நாள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும், வாய்க்காலில் பொறுமை இருந்தால் கெண்டையாவது கிடைக்கும் என்றேன். பேனாவை மூடிக்கொண்டு கேட்டார்: "கிடைக்கலேன்னா யாருக்கு எழுதிப் போடணும் மேடம்? ப்ராப்பர் சேனல் எதுன்னு சொல்லுங்க."

என் நாற்காலி

அந்த வருஷம் கூட்டம் குறைந்தது. தசரா விடுமுறைக்கு ஒரு பஸ் நிரம்பாவிட்டால் கவுண்டரை மூடிவிடுவதாக முதலாளி சொன்னார். வீட்டில் என் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னேன்: தசரா வருவது புரட்டாசியில், எங்கள் ஆட்கள் அந்த மாதம் மீனைத் தொடமாட்டார்கள். அவர் தெலுங்குக்காரர், அவர்களுக்கு விரத மாதமான கார்த்தீகம் அதற்குப் பிறகுதான். காலண்டரைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "கார்த்தீகமே இன்னும் ராலேது, வரலை. அதுக்குள்ள உங்க சாமிக்கு என்னம்மா அவசரம்?"

மல்காஜ்கிரிக் குடும்பம்

சண்முகம், எங்கள் ஊர்ப் புறநகரான மல்காஜ்கிரிவாசி, பக்கத்து நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மன். அவர் எங்கே போனாலும் அவர் செக்‌ஷனே பின்னால் போகும். மனைவியும் மகளுமாக வந்தார். அவருக்கு ஆசை; மனைவிக்குப் புரட்டாசி. நான் வாய் கூசாமல் சொன்னேன், பிடித்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடலாம் என்று. மகள், "ஹவ் மம்மி, சலோ" என்று ஊர் இந்தியில் கிளம்பச் சொன்னாள். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம் பிடிக்கிறதிலயா, திங்கிறதிலயா? அதை மொதல்ல சொல்லுங்கக்கா."

வாய்க்கால் கரையில்

அந்த அம்மாள் கேட்டு முடித்திருக்கவில்லை. அதற்குள் சண்முகம் டிக்கெட் எடுத்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுக்க, பஸ் நிரம்பியது. முதலாளி என்னையும் துணைக்கு அனுப்பினார்.

அப்படியொரு மீன்பாட்டை அந்தக் கரை பார்த்ததில்லையாம். வாய்க்காலில் அந்தி கரைய, தக்கைகள் முங்கி முங்கி எழுந்தன. தண்ணீரில் திரும்ப விட யாருக்கும் மனம் வரவில்லை. படகுக்காரர்களுக்கும் டிரைவருக்கும் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் சட்டியில், தங்கள் எண்ணெயில் வறுக்க, நாங்கள் அந்த வாசனைக்கு நடுவே தயிர்சாதம் சாப்பிட்டோம். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சண்முகத்தின் மனைவி சொன்னாள்: "மார்க்கெட்ல நாயா அலைஞ்சாலும் கிடைக்காத விரால். புரட்டாசின்னதும் தேடி வந்து கடிக்குது."

கவுண்டர் பிழைத்தது

திரும்பி வந்ததும் முதலாளி விடுதிச் செலவுக் கணக்கைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கவுண்டரை மூடும் பேச்சே இல்லை. "இனிமே ப்ரதி வருஷம் உங்க மாசத்துலயே பஸ் விடலாம்மா. சமையல்ல மீன் வறுக்குற எண்ணெய்ச் செலவே லேது."

ஓய்வுபெறும்வரை, வாங்கியவர்கள் வாயில் வைக்க முடியாத மீனை விற்றே நான் வயிறு வளர்த்தேன்.