முதல் பந்தியில் உட்கார்ந்தோம்

போன வருடம் ஆடித் திருவிழா. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில். வருடா வருடம் காய் நறுக்குவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பெண்கள். நிர்வாகக் குழுவில் மட்டும் ஒரு பெண்ணும் கிடையாது. முதல் பந்தியும் ஆண்களுக்குத்தான். எங்கள் முறை வரும்போது சாம்பாரில் காய் இருக்காது, வடை இருந்த தட்டு மட்டும் இருக்கும்.

குழுவில் இரண்டு இடம் கேட்டோம். "பொம்பளைங்களுக்கு அங்க என்னம்மா வேலை?" என்றார் தலைவர். அங்கே வேலை இல்லையென்றால் அடுப்படியிலும் இல்லை என்று சொல்லிவிட்டோம். செயலாளர் என் வீட்டுக்காரர். அன்னதானத்தன்று காலையில் புளி எவ்வளவு கரைப்பது என்று நைசாகக் கேட்டார். வேலைநிறுத்தம் என்றேன்.

சமையலை ஆண்களே செய்தார்கள். அம்மனுக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் கோயில் கட்டுப்பாடு. நாங்கள் கொதிக்கிற வாசனையிலேயே உப்பைச் சொல்லிவிடுவோம். அவர்களுக்கு அது தெரியாது. ஒருவரை ஒருவர் கேட்பதும் கௌரவக் குறைச்சல். தலைவர் வந்து உப்புப் போட்டார். துணைத் தலைவர் போட்டார். என் வீட்டுக்காரரும் பதவிக்கு ஏற்றபடி ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார்.

படையல் முடிந்ததும் நாங்கள் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக முதல் பந்தியில் போய் உட்கார்ந்தோம். எழுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை. முதல் கவளத்திலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடல் தண்ணீரே தேவலாம். வெளியே தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த விருந்தாளிகள் அடுத்த பந்திக்குக் காத்திருந்தார்கள். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பழக்க தோஷம், எழுந்து அடுப்படிக்கு ஓடப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

தலைவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. மெதுவாக எங்களிடம் வந்து, "அடுத்த கூட்டத்துக்கு வந்துருங்கம்மா" என்றார்.

"சமைக்கவா, உக்காரவா?" என்று அக்கா கேட்டார்.

"உக்காரத்தான் லா. இப்ப இந்தச் சாம்பாருக்கு ஒரு வழி சொல்லுங்க."

சொன்னோம், உட்கார்ந்தபடியே. பருப்பை வேகவைத்துக் கொட்டச் சொன்னோம், உருளைக்கிழங்கு போடச் சொன்னோம், வெந்நீர் ஊற்றச் சொன்னோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஓடின ஓட்டத்தைக் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது குழுவில் எங்களுக்கும் இரண்டு நாற்காலி உண்டு. கூட்டத்தில் டீ கலக்குகிற பேச்சு வந்தால் மட்டும் இன்றும் எல்லார் கண்ணும் எங்கள் பக்கம் திரும்புகிறது. என் காலும் தானாக எழப் பார்க்கிறது. அப்போது யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும், உட்கார்ந்துவிடுவேன். சும்மா உட்கார்ந்திருக்க இவ்வளவு தைரியம் வேண்டும் என்று அந்தச் சாம்பாருக்கு முன்பு எனக்குத் தெரியாது.